தாய்க்கும் ஒரு தாய்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

தாய்மையைப் போற்றாத மொழி இல்லை. தாயைத் தெய்வமென்று சொல்லாத நாடும் இல்லை. குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்கிறவர்கள் குழந்தையின் எடையைக் கேட்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், யார் சாயல் என்று பேசி மகிழ்கிறார்கள். தாய்க்குப் பால் போதுமா என்றும் விசாரிப்பதுண்டு. ஆனால், அவள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர் எத்தனை பேர்? தெய்வமென்று சொல்லிவிட்டபின், அதற்கும் துயரம் உண்டா என்று கேட்கத் தோன்றுவதில்லை போலும்!

பிள்ளை பெற்றபின் சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு எதனால் வருகிறது என்பதைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். அதனை வெறும் மருத்துவப் பாடமாக எழுதாமல், ஒரு பெருமாட்டியின் வாழ்க்கை வழியாகச் சொல்வது பொருத்தமாகும் என்று எண்ணினேன். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவருக்கு இந்நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தாயை இந்நோய்க்கு ஆளாக்கும் காரணங்கள் என்று இன்றைய ஆய்வாளர்கள் எவற்றைப் பட்டியலிடுகிறார்களோ, அவற்றுள் பலவற்றை எதிர்த்தே அம்மையாரின் வாழ்க்கை முழுவதும் நடந்தது என்பதையே சொல்ல வருகிறேன்.

படிவத்தில் இருந்த பெயர்

தாம்பரம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை முதலிய பகுதிகளில் வாழும் எங்களைப் போன்ற குடும்பத்தாருக்கு அம்மையாரின் பெயர் முதன்முதலில் ஒரு விண்ணப்பப் படிவத்தின் வாயிலாகவே அறிமுகமாகிறது. வறிய குடும்பத்துக் கருவுற்ற பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரால் அமைந்தது. 2006இல் 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட அவ்வுதவி, 2011இல் 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து 18,000 ஆகவும் உயர்ந்தது. எங்கள் தெருவில் அதற்கு முத்துலட்சுமி பணம் என்றே பெயர். பணம் வந்துவிட்டதா என்று கேட்பவர் பலர். அந்த முத்துலட்சுமி யார் என்று கேட்பவரைத்தான் காணோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை எனக்கு உண்டு என்று கருதியே அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

புதுக்கோட்டைச் சிறுமி

1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புகழ்பெற்ற கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இத்திருமணத்தை ஐயரின் உறவினர் ஏற்கவில்லை, விலகி நின்றனர். ஒரு பெண் பிள்ளை பெற்றெடுத்துக் கிடக்கும் காலத்தில், புகுந்த வீட்டார் எட்டிப் பார்க்காத நிலை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பைச் சொல்லி ஒரு தாயை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை முத்துலட்சுமி நூல்களில் படித்து அறியவில்லை. தம் வீட்டிலேயே கண்டார்.

பெண் பருவமெய்தியதும் பள்ளியை நிறுத்திவிடுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமிக்கும் அதுவே நேர்ந்தது. எனினும் வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிக்குலேஷன் தேர்வில் தேறினார். மகளுக்கு விரைவில் மணம் முடிக்க வேண்டும் என்பது தாயின் கவலை. மகளோ மேலும் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணையால் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். எழும்பூரில் உள்ள அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கினார்.

திருமணத்திற்கு முன் ஒரு நிபந்தனை

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தார். மணம் புரிவதற்கு முன்பே, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். சுந்தர ரெட்டி அதனை ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுதும் அவ்வாறே நடந்தும் காட்டினார். இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் இரு மைந்தர்கள் பிறந்தனர்.

இந்நிபந்தனையை ஒரு புதுமைப் பெண்ணின் துணிவு என்று பாராட்டிவிட்டு நாம் மேலே சென்றுவிடலாம். ஆனால் மனநல ஆய்வுகளைப் படித்தபோது எனக்கு வேறொன்று விளங்கிற்று. பிள்ளை பெற்ற பெண்ணின் மனத்தைக் காக்கும் அரண்களுள் முதன்மையானது கணவனின் துணையே என்று நாடுதோறும் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. கணவனின் அன்பின்மை, சண்டை, குடி, அடி ஆகியவை அவளை நோயில் தள்ளும் காரணங்களுள் முன்வரிசையில் நிற்கின்றன. நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் மருத்துவர் தம் அரணைத் தாமே கட்டிக்கொண்டுதான் இல்லறத்துள் புகுந்தார் எனலாம். எனக்கும் இப்போது வயது இருபது. வீட்டில் வரன் பற்றிய பேச்சு மெல்லத் தொடங்கியிருக்கிறது. எத்தனை பவுன் என்னும் பேச்சு வருவதற்கு முன்னால் அம்மையாரின் நிபந்தனையை எடுத்து வைக்க எனக்கு இப்போது துணிவு வந்திருக்கிறது.

உடல் காரணமா? சூழல் காரணமா?

விலங்கியல் மாணவி என்னும் முறையில் இங்கே சிறிது அறிவியல் பேச வேண்டியுள்ளது. கருவுற்ற காலத்தில் பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் மிகுந்திருக்கும். குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்த சில நாட்களில் அவை மளமளவென்று குறைந்துவிடும். தூக்கமின்மையும் உடல்வலியும் சேர்ந்துகொள்ளும். இதனால் தாய்மாருள் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வரும், எரிச்சல் வரும். இது நோயன்று. இரண்டு வாரத்திற்குள் தானே தணிந்துவிடும்.

ஆனால், சிலருக்கு அது தணிவதில்லை. வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடக்கும். குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராது. உணவில் விருப்பம் போகும். எதிலும் நாட்டம் இராது. தான் நல்ல தாயல்லள் என்னும் எண்ணம் அரித்துக்கொண்டே இருக்கும். இதுவே மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வு நோய். மிக அரிதாக, ஆயிரம் பேரில் ஓரிருவருக்கு, அறிவு மயங்கி இல்லாத குரல்கள் கேட்பதும், இல்லாதவற்றை நம்புவதும் நிகழும். அவர்களை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஹார்மோன் குறைவது எல்லாத் தாய்மாருக்கும் பொதுதானே? அப்படியிருக்க, ஒருத்தி எழுந்து நடமாட, மற்றொருத்தி ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்? விடையின் பெரும்பகுதி அவளைச் சுற்றியுள்ள வாழ்க்கையில் இருக்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அவ்வூரை அடுத்த கிராமங்களில் 359 கருவுற்ற பெண்களைப் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் தொடர்ந்து கவனித்து, 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நூற்றுக்கு 11 பேருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டிருந்தது. அதனோடு சேர்ந்து வந்தவை எவை தெரியுமா? குறைந்த வருமானம்; ஆண்குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண்குழந்தை பிறந்தது; மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல்; கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள்; கைவேலைக்கு உதவ ஆளில்லாமை. அதே ஆண்டில் கோவாவில் இருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு, 270 தாய்மாருள் நூற்றுக்கு 23 பேருக்கு இந்நோய் இருந்ததென்று கூறியது. அங்கும் வறுமை, கணவனின் வன்முறை, பெண்குழந்தை என்னும் அதே பெயர்கள்தாம் வந்தன. முன்பே ஒருமுறை மனச்சோர்வு கண்டவர்க்கும், கருவுற்ற காலத்திலேயே மிகுந்த கலக்கம் கொண்டவர்க்கும் இடர் இன்னும் அதிகம்.

இந்தப் பட்டியலை நான் ஓர் ஆய்வுத் தாளில் படிப்பதற்கு முன்பே என் அக்காவிடம் கண்டிருக்கிறேன். பதினெட்டு வயதில் மணமாகிச் சென்ற அக்கா, இரண்டாவது பேற்றுக்காகப் பெருங்களத்தூரில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்தாள். பிறந்தது மீண்டும் பெண். புகுந்த வீட்டிலிருந்து பெயர் வைக்கக்கூட ஒருவரும் வரவில்லை. பால் குடிக்கும் குழந்தையைப் பார்க்காமல் அக்கா கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணேறு என்று திருஷ்டி சுற்றினார்கள். காற்று பட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். ஒரு மாதமாயிற்று. குழந்தைக்கு ஊசி போடச் சென்றபோது, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர் அக்காவைத் தனியே அமர வைத்து, இரவில் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, சாக வேண்டும் போல் தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா அன்றுதான் வாய்விட்டு அழுதாள். மனநல மருத்துவர் பார்த்தார். மருந்தும் பேச்சுத் துணையும் சேர்ந்தன. அப்பா நேரில் சென்று மாமாவை அழைத்து வந்தார். நான்கு திங்களில் அக்கா பழைய அக்காவானாள். கேட்கத் தெரிந்த ஒருவர் கேட்டார்; அவ்வளவுதான் தொடக்கம்.

சட்டமன்றத்தில் ஒரு மருத்துவர்

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். 1925இல் அரசின் உதவியோடு இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படித்துத் திரும்பினார். சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர், இப்போது நாட்டின் நாடியைப் பார்க்கத் தொடங்கினார்.

மகப்பேறு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு வேண்டுமென்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை வேண்டுமென்றார். 1928இல் திருமண வயதை உயர்த்தக் கோரித் தீர்மானம் கொண்டு வந்தார். அடுத்த ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை வரையறுத்தது. அதுவே அன்று பெரும் புரட்சியாகக் கருதப்பட்டது என்றால், அதற்கு முன் எத்தனை சிறுமியர் தாங்களே குழந்தைகளாக இருந்து குழந்தை பெற்றிருப்பர்! இளம் வயதில் தாயாவது மனச்சோர்வுக்கு வழிகோலும் காரணங்களுள் ஒன்று என்று இன்று அறிவியல் கூறுகிறது. பேற்றறையில் அவர்களைக் கண்ட மருத்துவருக்கு அதைச் சொல்ல ஆய்வுத்தாள் தேவைப்படவில்லை.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அவர் நடத்திய போராட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். 1929இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், கோயில் பணிக்காக விடப்பட்ட நிலங்களை அப்பெண்களுக்கே உரிமையாக்கி, அப்பணியிலிருந்து அவர்களை விடுவித்தது. சட்டமன்றத்தை விட்டு அவர் விலகிய பின்னரும் அம்முயற்சி தொடர்ந்து, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் தடை போட்டுவிட்டு அப்பெண்களைத் தெருவில் நிறுத்தும்படி அவர் கேட்கவில்லை. கையில் நிலம் இருந்தால்தான் விடுதலை நிலைக்கும் என்று கண்டார். வறுமை மனத்தை உடைக்கும் என்பதை அறிந்தவர் செய்யக்கூடிய செயல் இது.

அடையாற்றில் ஒரு வீடு

1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துச் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில், தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த இளம்பெண்கள் அவரிடம் அடைக்கலம் தேடினர். அவர்களுக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்கவில்லை. பிறப்பு ஒன்றே தடையாயிற்று. அம்மையார் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அப்படித் தோன்றியதே ஔவை இல்லம். கைவிடப்பட்ட பெண்களும் ஆதரவற்ற சிறுமியரும் அங்கே உணவும் உறைவிடமும் மட்டுமல்லாமல் கல்வியும் தொழிலும் பெற்றனர். பின்னர் அடையாற்றில் நிலைபெற்ற அவ்வில்லம் இன்றும் பெண்களுக்குக் கல்வி புகட்டி வருகிறது.

1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவர் நெஞ்சில் ஆறாது கிடந்தது. அதன் விளைவாக எழுந்ததே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கிற்று. இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றார். 1956இல் பத்மபூஷண் விருது அம்மையாரை வந்தடைந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளான ஜூலை 30 இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் செய்ய வேண்டுவது

அம்மையாரின் பணிகளை வரிசையாக வைத்து, பக்கத்தில் வேலூர் ஆய்வின் பட்டியலையும் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று விடைபோல் நிற்கக் காணலாம். வறுமைக்கு நிலமும் தொழிலும். ஆதரவின்மைக்கு ஔவை இல்லம். இளமை மணத்திற்குச் சட்டம். கணவனின் அடக்குமுறைக்கு, மணத்திற்கு முன்பே சமத்துவ உறுதி. அவர் இந்நோயின் பெயரைச் சொல்லி எதுவும் செய்யவில்லை. ஆயினும் நோய் நுழையும் வாயில்களை ஒவ்வொன்றாக அடைக்க முயன்றார். மனச்சோர்வு பெண்ணின் மனவலிமைக் குறைவால் வருவது என்று எண்ணுகிறவர்கள் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தாயைத் தனியே விட்டுவிட்டு, அவள் ஏன் வாடினாள் என்று கேட்பது, நீர் ஊற்றாமல் விட்ட செடியைக் குறை சொல்வதை ஒக்கும்.

அடைபடாத வாயில் ஒன்று இன்னும் உண்டு. அது, பெண்குழந்தை பிறந்தால் முகம் சுருங்கும் வழக்கம். அதைச் சட்டத்தால் மட்டும் மாற்ற இயலாது. ஒவ்வொரு வீட்டிலும் மாற்ற வேண்டும்.

இதற்குப் பெரிய மருத்துவமனையோ பெரும் பொருளோ வேண்டியதில்லை என்பதற்குச் சான்றும் இருக்கிறது. பாகிஸ்தானில் ராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில், ஊரிலேயே பணிபுரியும் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வு கொண்ட கருவுற்ற பெண்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பேசினார்கள், கேட்டார்கள், வீட்டாரையும் உடன் சேர்த்துக்கொண்டார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்த ஆறு திங்களில், இத்துணை பெற்றவர்களுள் நூற்றுக்கு 23 பேருக்கே நோய் எஞ்சியிருந்தது. துணை பெறாதவர்களுள் நூற்றுக்கு 53 பேர் நோயிலேயே இருந்தனர். நம் ஊர்களிலும் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார்கள். அரசு நடத்தும் டெலி மனஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை 2022 முதல் 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார் மருத்துவர் சொற்படி உண்ணத்தக்க மருந்துகளும் உள்ளன.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கணவராவோம், மனைவியராவோம், தாய் தந்தையராவோம். அதற்கு முன்பே நம் வீடுகளில் அக்காவும் அண்ணியும் பிள்ளை பெற்று வருவர். அப்போது குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன் ஒரு நொடி தாயின் முகத்தைப் பாருங்கள். இரண்டு வாரம் கடந்தும் அது வாடியிருந்தால் திருஷ்டி சுற்றிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் குழந்தையைச் சற்று நேரம் நீங்கள் வைத்துக்கொண்டு அவளை உறங்க விடுங்கள். பிறந்தது பெண் என்றால் இனிப்பை முதலில் நீங்களே வாங்கிச் செல்லுங்கள்.

அம்மையாரின் பெயரால் வரும் உதவித்தொகை தாயின் உடலுக்கு உணவாகிறது. அவள் மனத்திற்கு வேண்டிய உணவை அரசு வங்கிக் கணக்கில் போட முடியாது. அதனை நாம்தாம் கொண்டு செல்ல வேண்டும். பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாய்க்கும், அவளைத் தாங்க ஒரு தாயாக நம் வீடு இருக்கட்டும்.